பகலில் குழியைப் பாருங்கள், இரவில் பெட்டாங்கைப் பாருங்கள்

கேள்வி: ஜூலை முதல் வாரம் மதுரையிலிருந்து கான்பெராவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறேன். வயது 66. முழங்கால் வலி உண்டு. தரை சமமாக இருந்தால் ஒரு கிலோமீட்டர் நடப்பேன். பேரனுக்கு 9 வயது, பேத்திக்கு 5. வீட்டுக்குப் பக்கத்தில் முல்லிகன்ஸ் ஃப்ளாட் என்று ஒரு சரணாலயம் இருக்கிறது, அழியும் நிலையில் உள்ள குட்டிக் கங்காரு மாதிரியான விலங்குகளை அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். போன மாதம் மருமகனும் பேரனும் ஒரு ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, வழக்கமான பெரிய கங்காருவைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்பினார்களாம். எப்போது போனால் பார்க்கலாம்? கொஞ்சம் பழம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? சின்னப் பிள்ளைகளை இருட்டில் கூட்டிப்போவது சரியா?

பதில்: அம்மா, மகள் சொன்ன குட்டிக் கங்காரு மாதிரியான விலங்கின் பெயர் பெட்டாங். பேரன் எதையும் பார்க்கவில்லை என்று நினைக்கிறான். அந்த இரண்டு மணி நேரத்தில் பெட்டாங் தோண்டிய குழிகளை அவன் எத்தனையோ முறை தாண்டி நடந்திருப்பான். தோண்டியவை அப்போது பக்கத்துப் புல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். இந்தச் சரணாலயத்தின் அரிய பைப்பாலூட்டிகள் (வயிற்றுப் பையில் குட்டியை வளர்ப்பவை) இரண்டுமே, அதாவது பெட்டாங்கும், குவால் என்ற சின்ன வேட்டை விலங்கும், பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. அதனால் நான் சொல்வது இதுதான்: இரண்டு முறை போங்கள். முதலில் பகலில், தரையைப் பார்க்க. அப்புறம் அதே வாரத்தில் ஒரு நாள், இருட்டிய பின் வழிகாட்டியோடு, விலங்கைப் பார்க்க.

பகல் நடையை விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கிழக்கு பெட்டாங் ஒரு முயல் அளவுதான் இருக்கும், எடை ஏறக்குறைய 2 கிலோ. இருட்டில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் சில விநாடி தெரியும், உடனே தத்திப் போய்விடும். அது என்ன செய்கிறது என்று முன்பே தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சில விநாடி போதும். தெரியாத பிள்ளைக்கு ஏதோ எலி ஓடியது போலத்தான் இருக்கும்.

அது என்ன செய்கிறது? தோண்டுகிறது. இரவு முழுக்க அதுதான் வேலை. யூகலிப்டஸ் மரங்களின் வேரோடு ஒட்டி மண்ணுக்கடியில் ஒரு வகைக் காளான் விளைகிறது. மரத்துக்குத் தண்ணீரும் தாதுச் சத்தும் சேர்த்துக் கொடுப்பவை இந்தக் காளான்கள். பதிலுக்கு மரம் அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கும். பெட்டாங்குக்கு முக்கிய உணவு இந்தக் காளான்தான். வாசனையை வைத்து இடம் கண்டுபிடித்து, முன்னங்கால் நகத்தால் மண்ணைக் கிளறி எடுத்துத் தின்னும். காளானின் வித்து எச்சத்தோடு சேர்ந்து காட்டின் வேறு இடங்களுக்குப் போய்ச் சேரும். தோண்டிய குழியில் இலைச்சருகு விழும், மழைத்தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும், விதை ஒதுங்கும். ஒரு பெட்டாங் வருடத்துக்கு டன் கணக்கில் மண்ணைப் புரட்டுகிறது. ஆட்டு மந்தை மிதித்து மிதித்து இறுகிப்போன பழைய மேய்ச்சல் நிலத்துக்கு இதைவிட நல்ல உழவு கிடைக்காது.

குழியை அடையாளம் காண்பது எளிது. கைமுட்டி நுழையும் அளவில் கூம்பாகக் கீழே இறங்கும். கிளறிய மண் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடக்கும். மண் ஈரமாக, கருத்துத் தெரிந்தால் நேற்றிரவு தோண்டியது. உள்ளே சருகு நிறைந்திருந்தால் பழையது. எக்கிட்னா என்ற முள் விலங்கும் எறும்புக்காக மண்ணைக் கிளறும், ஆனால் அது அகலமாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். பாதையை விட்டு இறங்காமலேயே ஓரங்களில் இதையெல்லாம் பார்க்கலாம். புதுக்குழி எத்தனை என்று எண்ணும் வேலையைப் பேரனிடம் கொடுத்துவிடுங்கள். எந்தத் திருப்பத்தில் புதுக்குழி அதிகம் என்று அவன் நினைவில் வைத்திருந்தால், இரவில் வழிகாட்டியிடம் அவனே போய்ச் சொல்வான்.

அதே நடையில் வேலியையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இந்த இடத்தின் கதை முழுக்க அந்த வேலியில்தான் இருக்கிறது. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த நரியும் பூனையும் பெருகியதாலும், காடு மேய்ச்சல் நிலமாக மாறியதாலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெட்டாங் ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் இல்லாமல் போனது. நரி வேரூன்றாத டாஸ்மேனியாத் தீவில் மட்டும் பிழைத்திருந்தது. 2009-ல் இங்கே 11.5 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட்டு 485 ஹெக்டேரைச் சுற்றி அடைத்தார்கள். உள்ளே இருந்த நரி, பூனை, முயலை அப்புறப்படுத்தினார்கள். பிறகு பக்கத்து கூரூயாரூ காட்டையும் சேர்த்து 1,200 ஹெக்டேருக்கு மேல் விரிவாக்கியிருக்கிறார்கள். வேலியின் மேல்விளிம்பு விறைப்பாக இல்லாமல் தொய்வாக வளைந்திருக்கும். பிடித்து ஏறுகிற நரியின் எடைக்கு அது மடங்கிக் கீழே தள்ளிவிடும். அடியில் கம்பிவலை தரையோடு விரித்திருக்கும், தோண்டி நுழைய முடியாது. 2012-ல் டாஸ்மேனியாவிலிருந்து பெட்டாங்குகளைக் கொண்டுவந்து இதற்குள் விட்டார்கள். இன்று பேரன் தாண்டிப்போகும் குழிகள் அவற்றின் வாரிசுகள் தோண்டியவை.

குவால் கதையைச் சொல்லாமல் என்னால் விட முடியாது. கிழக்குக் குவால் கங்காரு மாதிரி இருக்காது. கீரிக்கும் பூனைக்கும் நடுவில் ஒரு தோற்றம், மான்குட்டிக்கு இருப்பது போல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வெளிர்ப் பழுப்பிலும் இருக்கும், கறுப்பிலும் இருக்கும், ஒரே தாய்க்கு இரண்டு நிறக் குட்டிகளும் பிறக்கும். பூச்சி, எலி, சின்னப் பறவை என்று வேட்டையாடித் தின்னும். நிலப்பரப்பில் உறுதியாகப் பதிவான கடைசிக் குவால் 1963-ல் சிட்னியின் வோக்ளூஸ் பகுதியில் கிடைத்தது. அதன்பின் டாஸ்மேனியா மட்டும்தான். 2016-ல் இங்கே முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து விட்டபோது ஆணும் பெண்ணும் கலந்திருந்தன. ஆண்கள் பல வேலி ஏறி வெளியே போய்விட்டன, போனவை நரியிடம் சிக்கின. நரியை உள்ளே விடாதபடி கட்டிய வேலியை, உள்ளிருந்து ஏறும் குவாலால் தாண்ட முடிந்தது. அடுத்த முறை ஆராய்ச்சியாளர்கள் யோசித்து, பையில் குட்டியோடு இருந்த பெண்களை மட்டும் கொண்டுவந்தார்கள். குட்டி வைத்திருக்கும் தாய் அலையாமல் ஒரு பொந்தைப் பிடித்துத் தங்கிவிட்டது. பிள்ளைகள் அந்த மண்ணிலேயே வளர்ந்தன. குவால் அங்கே நிலைத்ததில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத செய்தி இது.

நீங்கள் வரும் ஜூலையில் குவால் தாய்களின் பையில் குட்டிகள் இருக்கும். பிறக்கும்போது அரிசி மணி அளவுதான். முப்பது வரை பிறக்கலாம், ஆனால் தாய்க்கு ஆறு காம்புதான். காம்பைப் பிடித்த ஆறுதான் பிழைக்கும். பேரனிடம் இதைச் சொல்லலாம். பேத்திக்கு அரிசி மணி வரைக்கும் போதும்.

இப்போது இரவு நடைக்கு வருகிறேன். ஜூலை குளிருக்குப் பயந்து பலர் கோடையில் போகலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் ஜூலையைத்தான் சொல்வேன். டிசம்பரில் கான்பெராவில் சூரியன் மறைய எட்டு மணிக்கு மேல் ஆகும். முழுக்க இருட்டி விலங்கு வெளியே வருவதற்குள் ஐந்து வயதுப் பிள்ளை தூங்கிவிடும். ஜூலையில் மாலை ஐந்தைத் தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும், ஆறு மணிக்கு நல்ல இருட்டு. சீக்கிரம் தொடங்கும் நடையில் சேர்ந்தால் பேத்தியின் தூக்கம் பெரிதாகக் கெடாது. இன்னொன்று, கோடையில் அந்தப் பக்கம் கடும் விஷமுள்ள பழுப்புப் பாம்புகள் உண்டு. ஜூலைக் குளிரில் அவை வெளியே தலைகாட்டுவது அபூர்வம்.

நடைகளை நடத்துவது உட்லண்ட்ஸ் அண்ட் வெட்லண்ட்ஸ் டிரஸ்ட். த்ராஸ்பி பகுதியில் இருக்கும் வைல்ட்பார்க் என்ற பார்வையாளர் மையம் அவர்களுடையது. (இங்கே ‘பார்க்’ என்றால் மரப்பட்டை. பூங்கா என்று நினைத்து வேறு இடத்தைத் தேட வேண்டாம்.) பதிவு செய்யும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: உங்கள் முழங்கால், பேத்தியின் வயது, உங்களால் நடக்க முடிந்த தூரம். எந்த நடை உங்களுக்குச் சரிவரும் என்று அவர்களே சொல்வார்கள். மடக்கு நாற்காலி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. இந்த விலங்குகளைப் பார்ப்பதில் வேகமாக நடக்கிறவரைவிட ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

உடை விஷயத்தில் கவனம் வேண்டும். ஜூலை இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போகும், மதுரை உடம்புக்கு அது புதுசு. ஆனால் கடையில் முதலில் கண்ணில் படும் பளபளப்பான நைலான் ஜாக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். கை அசைந்தாலே சரசரவென்று சத்தம் வரும். பெட்டாங்குக்கு அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்டுவிடும். கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, காதை மூடும் தொப்பி, இரண்டு ஜோடி சாக்ஸ் போதும். அதே காரணத்துக்காக சிப்ஸ் பாக்கெட்டும் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு முடித்தே கூட்டிப்போங்கள்.

வெளிச்சம் அதைவிட முக்கியம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை டார்ச் பட்டால் விலங்கு சிறிது நேரத்துக்குப் பார்வை தடுமாறி நிற்கும். சிவப்பு வெளிச்சம் அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை, அதனால் வழிகாட்டிகள் அதைத்தான் பயன்படுத்துவார்கள். மருமகனின் போனில் ஃபிளாஷ் தானாக எரியும் வசதியை வீட்டிலேயே அணைத்துவிடச் சொல்லுங்கள். போட்டோ எப்படியும் சரியாக வராது. அந்த முயற்சியில் கண்ணால் பார்ப்பதும் போய்விடும்.

பேத்தியிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இருட்டில் திடீரென்று யாரோ நீட்டி அழுவது போல ஒரு குரல் கேட்கலாம். பெரியவர்களுக்கே உடம்பு சிலிர்க்கும். அது புஷ் ஸ்டோன்-கர்லூ என்ற பறவை, நம் ஊர்க் கண்கிலேடிக்கு நெருங்கிய உறவு. கான்பெராப் பகுதியில் இல்லாமல் போயிருந்த அதையும் 2014 முதல் இந்த வேலிக்குள் மீண்டும் வளர்த்துவருகிறார்கள். வீட்டில் ஒருமுறை அந்தக் குரலைப் போனில் கேட்க வைத்தால், அங்கே பயப்படுவதற்குப் பதில் அவளே முதலில் பேரைச் சொல்லிவிடுவாள். இருட்டில் கூட்டிப்போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாகக் கூட்டிப்போகலாம். கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

பழம் மட்டும் வேண்டாம் அம்மா. கோயில் வாசலில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை நமக்கு, மனசு கேட்காது என்று தெரியும். ஆனால் கங்காரு இனத்தின் வாய் நார்ப்புல்லை மெல்வதற்காக அமைந்தது. ரொட்டி, பழம் போன்ற மென்மையான தீனியைத் தின்று பழகினால் ஈறில் புண் வந்து, தாடை எலும்பு வரை வீங்கி அழுகும் நோய் வரலாம். காட்டில் அதற்கு வைத்தியம் கிடையாது. பெட்டாங் மனிதர்களிடம் தீனி கேட்டு வரப் பழகினால் அதன் தோண்டும் வேலையும் நின்றுபோகும்.

இவ்வளவும் செய்து ஒரு பெட்டாங்கும் தெரியாமல் போக வாய்ப்பு உண்டா? உண்டு. கடும் காற்று வீசும் இரவில் அவை வெளியே வரத் தயங்கும். அப்படி ஆனால் பேரனுக்காக இன்னொரு நாள் டிட்பின்பில்லாவுக்குப் போங்கள். நகரத்திலிருந்து காரில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அழியும் நிலையில் உள்ள பாறை வாலபி என்ற சின்னக் கங்காரு வகையை அங்கே இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள், கோலாவும் உண்டு, பகலிலேயே பார்க்கலாம். ஈரநிலத்தைச் சுற்றிப் போகும் பாதை சமமாக இருக்கும். உங்கள் முழங்காலுக்கும் அது தோது.

சரணாலயக் கதவில் நுழையும்போதும் வெளியே வரும்போதும், அது முழுவதும் சாத்திக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள். ஒரே ஒரு நரி உள்ளே புகுந்தால் பல வருட உழைப்பு சில இரவுகளில் போய்விடும். நாய் வளர்க்கிறீர்கள் என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே அனுமதி இல்லை.

திரும்பும்போது மருமகனிடம் காரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கான்பெராவில் கங்காருக்கள் காரில் அடிபடுவது குளிர்காலத்தில்தான் அதிகம். இருட்டியதும் சாலையோரப் புல்லுக்கு வந்து, சட்டென்று குறுக்கே பாயும். ஒன்று பாய்ந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள். அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, வனக் காவலர்களை வரவழைக்க ஆக்ஸஸ் கான்பெரா என்ற அரசு உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். தாய் இறந்திருந்தாலும் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். அது காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்கக் கூடாது, அதன் வாய் கிழிந்துவிடும். அவர்கள் வந்து எடுக்கும் வரை தாயின் உடலைச் சால்வையால் மூடிச் சூடு இறங்காமல் வைத்திருங்கள்.