கல்லாவும் கோயிலும்: ஒரு நெல் வியாபாரியிடம் நீங்கள் கேட்டவை

கும்பகோணத்துக்குக் கிழக்கே நெல் மண்டி வைத்து 34 வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் சாயந்திரம் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி ஒத்துப்போகிறது என்றுதான் பல பேர் பலவிதமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். யார் பெயரும் வேண்டாம், ஊரை மட்டும் போடுகிறேன்.

மன்னார்குடி தம்பி, சென்னையில் ஐடி வேலை: ஐயா, வயது 33. சம்பளம் நன்றாக வருகிறது, ஆனால் மனசு காலியாக இருக்கிறது. பட்டினத்தார் மாதிரி எல்லாவற்றையும் உதறிவிட்டு ஊருக்கு வந்து, அப்பாவின் நாலு ஏக்கரைப் பார்த்துக்கொண்டு தியானம் செய்யலாம் என்று இருக்கிறேன். சரியா?

தம்பி, ஊருக்கு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்து வயலுக்கு வராதீர்கள். 2024-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த ஆறு வாரமும் இங்கே அந்தத் தண்ணீரை நம்பிக் குறுவை நெல் போடுகிறவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று உங்கள் அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30 கண்டால் நல்ல வெள்ளாமை என்போம். அதில் நடவு, உரம், அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்பதையும் அவரே நோட்டில் எழுதி வைத்திருப்பார். நாலு ஏக்கர் என்பது தியான மண்டபம் இல்லை, அதுவும் ஒரு தொழில்தான். அங்கே உங்களை விரட்டுவது மேனேஜர் என்றால், இங்கே மேகம் விரட்டும்.

பட்டினத்தார் பூம்புகாரில் பெரிய வணிகர். "காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே" என்ற ஒரு வரி அவரைப் புரட்டிப் போட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் இதே காவிரிக் கரையில் இன்னொரு வணிகரும் இருந்தார், அவரைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. பழையாறை அமர்நீதி நாயனார். பொன், மணி, பட்டு எல்லாம் விற்றவர், அடியார்களுக்குச் சோறும் கோவணமும் கொடுப்பது அவருடைய தொண்டு, அதற்காகவே திருநல்லூரில் மடம் கட்டிக் குடும்பத்தோடு அங்கேயே தங்கினார். சிவபெருமான் பிரம்மசாரியாக வந்து ஒரு கோவணத்தை அவரிடம் கொடுத்துவைத்து, அதை மறையவும் செய்துவிட்டு, "அது போனால் போகட்டும், என் கைக்கோலில் கட்டியிருக்கிற இன்னொன்றுக்குச் சரியான எடைக்குக் கொடு" என்றார். ஒரு தட்டில் அந்த ஒற்றைக் கோவணம். மறு தட்டில் இவர் தம்மிடம் இருந்த துணி, பட்டு, பொன், வெள்ளி எல்லாவற்றையும் குவித்துப் பார்த்தார், தட்டு இறங்கவில்லை. கடைசியில் மனைவியோடும் பிள்ளையோடும் தாமே ஏறி நின்றார், அப்போதுதான் தராசு நேர் நின்றது.

இதைத் தராசு பிடிக்கிறவன் கேட்கிற விதம் வேறு. அவர் அதுவரைக்கும் கொடுத்ததெல்லாம் சரக்கு. தட்டில் ஏறியது அவரே. உங்களுக்கும் விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், தம்பி. நீங்கள் செய்கிற வேலையில் உங்கள் கை இருக்கிறது, நீங்கள் இல்லை. இந்த வேலை யாருக்குப் பயன்படுகிறது, யாருக்காக இந்தச் சம்பளம், எவ்வளவு வந்தால் போதும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவதற்கு வார்த்தை வேண்டாம், எண்ணாகவே எழுதுங்கள். வீட்டுக் கடன், அப்பா அம்மா மருந்து, பிள்ளை படிப்பு எல்லாம் சேர்த்து. அந்த எண் இல்லாத ஆளுக்குச் சம்பளம் ஏற ஏறப் பள்ளமும் ஆழமாகிக்கொண்டே போகும், நான் மண்டியில் கோடி பார்த்தவர்களிடமே இதைக் கண்டிருக்கிறேன். ஒரு வருடம் காலையில் அரை மணி நேரம் போனைத் தொடாமல் உட்காருங்கள், மாதம் ஒரு தடவை வந்து அப்பாவோடு வரப்பில் நடங்கள். அப்புறமும் வேலையை விடத் தோன்றினால் விடுங்கள், அது அலுப்பில் எடுத்த முடிவாக இருக்காது.

கும்பகோணம், பாத்திரக்கடை வைத்திருக்கும் இளைஞர்: பொய் சொல்லாமல் வியாபாரம் செய்ய முடியுமா அண்ணே? நேராகச் சொல்லுங்கள்.

முடியும். லாபம் கொஞ்சம் குறையும், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் கதை ஒன்று. மண்டி ஆரம்பித்த மூன்றாவது வருடம், ஒரு அம்மா தலைச்சுமையாக ஒன்று, பையன் சைக்கிளில் ஒன்று என்று இரண்டு மூட்டை சம்பா கொண்டு வந்தார். அன்றைக்கு ஈரப்பதம் பார்க்கிற மிஷின் எங்களிடம் கிடையாது, நாலு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்போம். காய்ந்த நெல் நறுக்கென்று உடையும், ஈர நெல் பல்லில் நசுங்கும். அந்த நெல் நறுக்கென்றுதான் உடைந்தது. நான் முகத்தைச் சுளித்து, "ஈரமா இருக்கேம்மா" என்று சொல்லி மூட்டைக்கு மூன்று கிலோ கழிவு போட்டேன். அவர் முந்தானையில் காசை முடிந்துகொண்டு போய்விட்டார். அன்று சாயந்திரம் கோயிலில் பதிகம் பாட உட்கார்ந்தால் நாக்கில் அந்த நெல்லின் ருசிதான் இருந்தது. மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் ஆறு கிலோவுக்கான காசைத் திண்ணையில் வைத்து, தப்பு செய்துவிட்டேன் என்றேன். அவர் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் பத்து வருடம் நெல் போட வரும்போதெல்லாம் தராசுக்குப் பக்கத்தில் நின்று படிக்கல்லைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். காசு ஒரே நாளில் திரும்பிவிட்டது தம்பி, நம்பிக்கை திரும்பவில்லை.

"அறன்ஈனும் இன்பமும் ஈனும் திறனறிந்து தீதின்றி வந்த பொருள்" என்கிறார் வள்ளுவர். அதில் "திறனறிந்து" என்பதையும் விட்டுவிடாதீர்கள். நேர்மையாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கணக்கு எழுதாமல், கடனுக்கு அள்ளிக் கொடுத்துக் கடையை மூடுவது பக்தி ஆகாது. பித்தளை விலையைத் தெரிந்து வாங்குங்கள், எடையைச் சரியாகப் போடுங்கள், ஓட்டைப் பாத்திரத்தை ஓட்டை என்று சொல்லி விலை குறைத்து விற்றுவிடுங்கள்.

பாபநாசம் பக்கம், ஒரு சகோதரி: என் வீட்டுக்காரர் மாதா மாதம் கார் எடுத்துக்கொண்டு நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதுக்கும் போகிறார். பரிகாரம், அர்ச்சனை, சாப்பாடு என்று செலவு. பையனுக்கு இரண்டு டெர்ம் ஃபீஸ் பாக்கி. கேட்டால், "தெய்வ காரியத்தில் கணக்குப் பார்க்காதே" என்கிறார்.

அம்மா, சூரியனார்கோயில், திங்களூர், ஆலங்குடி என்று நம் ஊரைச் சுற்றியே இத்தனை கோயில் இருப்பது நாம் செய்த பாக்கியம். நானும் போகிறவன்தான். ஆனால் தொழில் ஓட வேண்டும், கடன் தீர வேண்டும் என்று மாதா மாதம் சனிக்கு ஒரு காசு, குருவுக்கு ஒரு காசு என்று போட்டுக்கொண்டு வந்தால் அது மனசு உள்ளே வளர்வது இல்லை, அதுவும் ஒரு முதலீடு. இன்னும் சொல்லப்போனால் பணத்தைப் பற்றிய பயம்தான் கோயில் வேஷத்தில் வருகிறது. அந்த பயத்தைப் பற்றி அவரிடம் பேசுங்கள், கோயிலைப் பற்றிச் சண்டை போட வேண்டாம். தொழிலில் என்ன நஷ்டம், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அவர் உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கலாம். ஃபீஸ் கட்டின ரசீதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் திங்களூருக்குப் பஸ்ஸில் போய் வரட்டும். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தலைஞாயிறு பக்கம், கடைமடை விவசாயி: தண்ணீர் எங்களுக்கு வருவதற்குள் பருவம் போய்விடுகிறது. கைமாற்று வட்டி கட்டவே சரியாக இருக்கிறது. ஆன்மீகம் எல்லாம் காசு இருக்கிறவர்கள் பேச்சு ஐயா. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

கோபப்படுங்கள் ஐயா, நியாயம்தான். "அருளில்லார்க்கு அவ்வுலகம் இல்லை பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லாகி யாங்கு" என்ற குறளில் பாதியை மட்டும் மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பொருள் இல்லாதவனுக்கு இந்த உலகமே இல்லை என்பதையும் அதே வள்ளுவர்தான் அதே மூச்சில் சொன்னார். கடனில் இருக்கிற ஆளிடம் போய்ப் பற்றை விடு என்று சொல்வது பாவம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து உங்கள் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்தபோது நாங்கள் லாரியில் அரிசி கொண்டு வந்தோம். கூரை இல்லாத வீட்டு வாசலில் நின்று யாருக்கும் தேவாரம் பாட எங்களுக்கு வாய் வரவில்லை. அரிசியை இறக்கினோம், தார்ப்பாய் கட்டினோம், அதுதான் அன்றைக்குப் பூஜை.

உங்களுக்கு முதலில் பொருள். கைமாற்று வட்டியிலிருந்து எப்படியாவது வெளியே வாருங்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை, பழைய பாக்கி இருந்தால் அதை எப்படி நேர் செய்வது என்று செயலாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு முடிந்துவிடும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் சான்றை வாங்க அலைவதிலேயே நாள் போய்விடும், அதனால் ஐப்பசி பிறந்ததுமே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துவிடுங்கள். இதைச் செய்வதும் ஆன்மீகம்தான் என்று பூசி மெழுக மாட்டேன். இது வயிற்றுப்பாடு, அதற்கென்று தனி மரியாதை உண்டு.

மனசுக்கு ஏதாவது வேண்டும் என்று எப்போதாவது தோன்றினால், திருவாவடுதுறையில் இருந்த திருமூலர் காசே கேட்காமல் நாலு சொல்லியிருக்கிறார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிடும்போது ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இன்சொல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "யாவர்க்குமாம்" என்று போட்டார். எல்லோராலும் முடியும் என்று அர்த்தம்.

நாகூர், 18 வருடம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர்: ஒவ்வொரு வருடமும் ஜக்காத் சரியாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். கடமை முடிந்தது என்று தோன்றுகிறதே தவிர மனசு நிறையவில்லை.

மார்க்க விளக்கத்தை உங்கள் ஜமாஅத்தில் கேளுங்கள் பாய், நான் சொன்னால் சரிப்படாது. வியாபாரியாக ஒன்று சொல்கிறேன். வருடம் முழுக்க கையில் நின்ற சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை, அதாவது லட்சத்துக்கு 2,500 என்று ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் நானும் மண்டிக் கணக்கில் "கொடுக்க வேண்டியது" என்று தனிப் பத்தி போட ஆரம்பித்தேன். தோன்றும்போது கொடுக்கிறேன் என்று இருந்த வருடங்களில் எனக்குப் பெரும்பாலும் தோன்றவே இல்லை. அதனால் கணக்கை விடாதீர்கள். 18 வருடம் பிள்ளைகள் வளர்ந்ததைப் போட்டோவில் பார்த்த மனசு, பணம் கொடுத்தால் மட்டும் நிறையாது என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் தெருவிலிருந்து அடுத்து விமானம் ஏறப்போகிற பையன் ஒருவன் இருப்பான். அக்ரிமென்ட்டை எப்படிப் படிப்பது, முதல் சம்பளத்தில் எவ்வளவு ஒதுக்குவது என்று அவனுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

மயிலாடுதுறை, வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பெண்: படிப்பு மும்முரத்தில் பிரதோஷம், விரதம் எதுவும் முடியவில்லை. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

படிம்மா. நேரத்துக்குச் சாப்பிடு. தேர்வு முடிந்து மாயூரநாதரைப் பார்க்கப் போனால் போதும்.

திருவாரூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இந்தப் பேச்சில் எனக்கு இடம் உண்டா?

தாராளமாக உண்டு சார். என் மண்டியில் இருபது வருடம் கணக்கெழுதியவர் கறுப்புச் சட்டைக்காரர், திருநீறு பூசிய என்னைவிட எடையில் கண்டிப்பு. ஒரு கிலோ கூட வந்தால் ஆள் அனுப்பித் திருப்பிக் கொடுப்பார். உள்ளே வளர்வது என்று நான் சொல்வது அதைத்தான், அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் சரி.

கும்பகோணம், 74 வயதுப் பெரியவர்: பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில், அவர்கள் மேல் கோபம்தான். ஓர் அம்மாதான் என்னைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த மகாமகம் பார்ப்பேனா தெரியவில்லை. இருக்கிற வீடு, நிலம் எல்லாவற்றையும் கோயிலுக்கு எழுதிவிடலாமா?

மாமா, போன மகாமகம் 2016, அடுத்தது 2028, பார்த்துவிடுவீர்கள். எழுதுவதற்கு முன்னால் பிள்ளைகள் இருவரையும் ஒரே நாளில் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். உங்களைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மாவுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள், அதை உயிலில் முதல் வரியாகப் போடச் சொல்லுங்கள். அதற்கப்புறம் கோயில். கோபத்தில் எழுதுகிற தர்மம் கோர்ட்டில்தான் போய் நிற்கும்.

பல பேர்: நீங்கள் தினமும் என்னதான் செய்கிறீர்கள்?

பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து குளித்து ஒரு பதிகம், பதினோரு பாட்டு, கால் மணி நேரம். சமைக்க அளக்கும்போது என் வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவிடுவாள், மாதக் கடைசியில் அது தெருக்கோடி வீட்டுக்குப் போகும். ஏழரைக்கு மண்டி. இப்போது எலக்ட்ரானிக் தராசுதான். பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, மேலே ஒன்றும் வைக்காமல் ஒரு தடவை ஸ்விட்சைப் போட்டு எண்ணைப் பார்ப்பேன். ஓரத்தில் பதரோ தூசியோ ஒட்டியிருந்தால் 50 கிராம், 100 கிராம் காட்டும். திரும்பத் துடைப்பேன். சுழி வந்த பிறகுதான் முதல் மூட்டையை ஏற்றச் சொல்வேன்.

நாளைக்கு வலங்கைமான் பக்கமிருந்து சம்பா லோடு வருகிறது, அதனால் மீதிக் கேள்விகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் எழுதுகிறேன்.