கேளுங்கள், சொல்கிறோம்: யாழ் பொறித்த வெள்ளிக்காசு

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மாமா அயர்லாந்தின் அரைக் கிரவுன் (இரண்டரை ஷில்லிங்) காசு ஒன்று தந்தார். ஒரு பக்கம் யாழ், மறுபக்கம் குதிரை, ஆண்டு 1943. நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தோம், 14.1 கிராம். ஆனால் "கலப்பு வெள்ளி, போலி" என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், நல்லூர்

பதில்: கலப்பு என்றது சரி, போலி என்றது அவசரம். நகைக்கடைக்காரர் 92.5 வீத வெள்ளியைப் பார்த்துப் பழகியவர். அயர்லாந்து 1928 முதல் 1943 வரை அடித்த ஷில்லிங், புளோரின் (இரண்டு ஷில்லிங்), அரைக் கிரவுன் மூன்றிலும் வெள்ளி 75 வீதம்தான். அதுவே நல்ல காசு. அந்தக் காலத்துப் பிரித்தானிய அரைக் கிரவுனில் 50 வீதம்தான் இருந்தது.

எடை சரியாக இருப்பதை வைத்தும் அசல் என்று முடிவு கட்ட முடியாது. 1951இல் வெள்ளியை விட்டுச் செப்பு-நிக்கலுக்கு மாறியபோது எடையையும் விட்டத்தையும் அயர்லாந்து மாற்றவில்லை. அரைக் கிரவுன் முன்னும் பின்னும் 14.14 கிராம், 32.3 மில்லிமீற்றர். காந்தமும் அதிகம் உதவாது. வெள்ளியும் ஒட்டாது, செப்பு-நிக்கலும் ஒட்டாது; உள்ளே இரும்பு வைத்த மலிவுப் போலி மட்டும் அதில் அகப்படும்.

தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள். 0.01 கிராம்வரை காட்டும் மின்தராசு வேண்டும். குவளையில் முக்கால்வாசி தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி கலந்து, தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நைலோன் நூலில் கட்டி, முழுக்க அமிழும்படி தொங்கவிடுங்கள். நூலைக் கையில் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, குறுக்கே ஒரு அடிமட்டம் வைத்து அதில் கட்டுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கும் தண்ணீரின் எடை. 75 வீத வெள்ளி என்றால் அது 1.40 கிராம் அளவில் நிற்கும். 1.58ஐ ஒட்டி நின்றால் செப்பு-நிக்கல். ஈயம் கலந்த வார்ப்பு என்றால் 1.40க்குக் கீழே இறங்கலாம். தேய்ந்த காசுக்குக் காற்றில் உள்ள எடையை, தண்ணீரில் தராசு காட்டும் எண்ணால் வகுங்கள். விடை 10க்குச் சற்று மேலே வரவேண்டும்.

பலர் பிழை விடுவது குமிழியில். யாழின் நரம்புகளுக்கிடையில் ஒட்டிய சிறு காற்றுக்குமிழிகள் எண்ணைக் கூட்டிவிடும், நல்ல வெள்ளியும் செப்பு-நிக்கல்போலத் தெரியும். சவர்க்காரத் துளி அதற்காகத்தான். காசு அடியில் முட்டினால் எண் சட்டென்று எகிறும்.

இதில் தேறினாலும் உங்கள் காசுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. 1943 மிக அரிது, 1942 சாதாரணம். 1942இன் கடைசி இலக்கத்தை 3 ஆக்கினால் வெள்ளி, எடை, விளிம்பு எல்லாம் அசலாகவே இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் 3ஐயும் பக்கத்து 4ஐயும் மாறி மாறிப் பாருங்கள். அச்சில் அடித்த இலக்கத்தின் அடிப்பகுதி தளத்தோடு வழிந்து சேர்ந்திருக்கும். திருத்திய இலக்கத்தைச் சுற்றி நுண்கீறல், தனியாக மினுங்கும் திட்டு, அடியில் ஒரு மெல்லிய கோடு, இவற்றில் ஒன்றாவது தெரியும். உயரமும் 4ஓடு ஒத்திருக்காது. இந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் நாணயம் அறிந்த ஒருவரிடம் காட்டாமல் விலை பேசவேண்டாம்.

நாட்டின் பெயரையும் வாசியுங்கள். 1937வரை "சேர்ஸ்டாட் ஏரன்" (Saorstát Éireann) என இரு சொற்கள். 1939இலிருந்து நான்கே எழுத்தில் "ஏரா" (Éire). ஆண்டும் பெயரும் பொருந்தாவிட்டால் வேறு சோதனையே தேவையில்லை.

கேள்வி: கறுத்த வெள்ளிக்காசைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: வேண்டவே வேண்டாம். கறுப்பு வெள்ளிக்கு இயல்பு. சாம்பல் இடும் கீறலை எடுக்க வழியில்லை, சேகரிப்பாளர் பார்த்ததும் விலையைக் குறைப்பார். மண் இருந்தால் வெந்நீரில் ஊறவிட்டு, பஞ்சுத்துணியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: என்னிடம் 1966ஆம் ஆண்டு அயர்லாந்தின் 10 ஷில்லிங் காசு உண்டு. அதில் யாழே இல்லை. போலியா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: யாழ் இல்லாததுதான் சரி. பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக அடித்தது அது. ஒரு பக்கம் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பற்றிக் பியர்ஸின் முகம், மறுபக்கம் டப்ளின் பொதுத் தபாலகத்தில் உள்ள, ஐரிஷ் புராண வீரன் கூஹுலினின் சிலை. வெள்ளி 83.3 வீதம், எடை 18.14 கிராம், விட்டம் 30.5 மில்லிமீற்றர். மக்கள் அதை அவ்வளவாகப் புழங்கவில்லை. அடித்த 20 இலட்சத்தில் பாதிக்கு மேல் திரும்ப உருக்கப்பட்டது. தண்ணீரில் 1.78 அளவில் நிற்கவேண்டும். விளிம்பைக் கட்டாயம் பாருங்கள்: அங்கே வரிப்பள்ளங்கள் இல்லை, ஐரிஷ் மொழியில் எழுச்சியின் பெயரும் 1916 என்ற எண்ணும் இருக்கும். எழுத்துகள் மழுங்கி, விளிம்பைச் சுற்றி ஒரு பொருத்துக்கோடு ஓடினால் அது வார்ப்பில் ஊற்றிய காசு.