வாசகர் கேள்வி: கேம் பற்றி எழுதுகிறவருக்கு அரசியல் எதற்கு?

கேள்வி: ஒரு கேம் எப்படி, நம்ம போன் தாங்குமா என்று பார்க்க விமர்சனத்தைத் திறந்தால் போர், சீனா, கம்பெனியில் யாருக்கு என்ன அநியாயம் என்றே எழுதியிருக்கிறார்கள். நாளெல்லாம் உழைத்துவிட்டு அரை மணி நேரம் விளையாட வருகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? அரசியலைக் கலக்காமல் எழுத வராதா?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் அலுப்பு நியாயம்தான். ஆனால் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, அதுதான் ஆச்சரியம்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்போது கரைப் பக்கம் போய்ப் பாருங்கள், ஏற்றிப் போட்ட படகின் நிழலில் நாலு பையன்கள், விரல் வேர்த்து வழுக்கக் கூடாது என்று ஒருத்தன் கட்டைவிரலில் முகப்பவுடரைத் தேய்த்துக்கொண்டு, "டேய் நாக் ஆயிட்டேன், வந்து ரிவைவ் குடுடா" என்று கத்திக்கொண்டிருப்பான். அவன் அரசியல் பேசவில்லை. ஆனால் 2020 ஜூனில் லடாக் எல்லையில் கல்வானில் நம்ம படைக்கும் சீனப் படைக்கும் மோதல் நடந்தது, செப்டம்பர் 2-ல் மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தது, அதில் இந்த மாதிரிப் பையன்கள் ஆடுகிற பப்ஜி மொபைலும் போனது. மறு வருஷம் பிஜிஎம்ஐ என்று பேர் மாற்றி வந்தது, 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடை. இதையெல்லாம் எழுதுகிற நிருபர் எல்லைத் தகராறைச் சொல்லாமல் எப்படி எழுதுவார்? 'கேம் ஓடவில்லை, போனை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்' என்றா?

இது வெளியிலிருந்து வருகிற அரசியல். கேமுக்குள்ளேயே இருப்பது வேறு. 2019-ல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' கேமில் 'ஹைவே ஆஃப் டெத்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தச் சாலையில் குண்டு போட்டது ரஷ்யர்கள் என்று கதையில் சொல்கிறார்கள். அதே பேரில் உலகம் அறிந்த நிஜச் சாலை குவைத்திலிருந்து ஈராக்குக்குப் போவது, 1991-ல் பின்வாங்கிப் போன ஈராக் படை மீது அங்கே குண்டு போட்டது அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை. ஸ்னைப்பர் துப்பாக்கி அருமையாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அதுதான் நடுநிலையா? நம்ம படகைச் சுட்டது யார் என்பதை மாற்றி வைத்து நாளைக்கு ஒருவன் கேம் எடுத்து, அதற்கு 'தண்ணீர் எஃபெக்ட் பிரமாதம், ஐந்துக்கு நாலு' என்று விமர்சனம் வந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? நான் இருக்க மாட்டேன்.

அப்புறம் இன்னொன்று. 2019 அக்டோபரில் ஹார்த்ஸ்டோன் என்ற ஆன்லைன் சீட்டு கேம் ஆடுகிற பிளிட்ஸ்சுங் என்ற ஹாங்காங் வீரர், ஆட்டம் முடிந்த பேட்டியில் அங்கே நடந்த ஜனநாயகப் போராட்டத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார். அந்த கேமை நடத்துகிற பிளிஸார்ட் நிறுவனம் அவருக்கு ஒரு வருஷத் தடை போட்டுப் பரிசுப் பணத்தையும் பிடுங்கியது, உலகம் முழுக்கத் திட்டிய பிறகு ஆறு மாதமாகக் குறைத்துப் பணத்தைத் திருப்பித் தந்தது. இங்கே வெறும் ஸ்கோர் மட்டும் போட்டால் செய்தியே இல்லை.

சரி, உங்கள் பக்கத்துக்கும் வருகிறேன். நாலு பக்கம் உபதேசம் எழுதிவிட்டு, பழைய போனில் ஓடுமா, சூடாகுமா, எவ்வளவு டேட்டா தின்னும் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால் வலை பின்னிய கதையைச் சொல்கிற மாதிரி. அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கேள்வி: ஆன்லைன் கேமையே மத்திய அரசு தடை செய்துவிட்டது என்கிறார்களே, என் மகன் இன்னும் விளையாடுகிறானே?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் தடுப்பது பணம் கட்டி ஆடுகிற ரம்மி, போக்கர் வகைகளை. இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக நடத்துகிற கேம் ஆட்டத்தை, அது அங்கீகரிக்கிறது. மகன் ஆடுவதில் காசு போட்டுக் காசு எடுக்கிற வேலை இருக்கிறதா என்று கேளுங்கள் சகோதரி, இல்லையென்றால் தூங்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.