நாலு ஓட்டம் வேண்டாம் தம்பி, ரெண்டு காணும்

யாழ்ப்பாணம் வடமராட்சி மணல்காட்டில 50 கிலோமீட்டர் ஓட்டம் ஒண்டு வைச்சிட்டன், அடுத்த வருசம் நாலாக்கப்போறன், ஆனா தண்ணிப்பந்தலுக்கு ஆக்கள் காணாது எண்டு கேட்டிருந்தியள். முதல்ல ரெண்டாக்குங்கோ. ஒரே நீட்டா விடாம 10 கிலோமீட்டர் வட்டத்தை அஞ்சு தரம் சுத்த விட்டா ஒரு பந்தலே போதும், ஆர் இன்னும் வரேல்லை எண்டதும் உடன பிடிபடும். ரெண்டாவது ஓட்டத்துக்குச் சுண்டிக்குளம் யோசிச்சா அது தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்திட்ட நேரத்தோட போய்க் கதையுங்கோ. ஐப்பசி கார்த்திகை மழை, சித்திரை வெயில் ரெண்டும் சரிவராது, மாசியில விடிய நாலரைக்கு வெளிக்கிட வையுங்கோ. நான் அந்த மணலில ஓடேக்க சப்பாத்துக்குள்ள மண் புகுந்து பாதி வழியிலயே விரலெல்லாம் கொப்பளம், குந்தி உதற ஒரு கதிரை கூட இல்லை! பந்தலில நாலு கதிரை, பிளாஸ்டர், உப்புக்கஞ்சி கட்டாயம், வெறும் தண்ணி மட்டும் குடுத்திடாதேங்கோ.