ஃபைனல் பார் லைன்: ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஃபைனல் ஃபேன்டசி என்ற வீடியோ கேம் தொடர் என்றால் எனக்கு உயிர். போன மாதம் என் ஸ்விட்ச் கேம் கருவிக்கு, அந்தத் தொடரின் பாட்டுகளுக்குத் தாளம் தவறாமல் பொத்தான் அழுத்தும் ‘தியேட்ரிதம் ஃபைனல் பார் லைன்’ வாங்கினேன். அப்பா காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பவர், நானும் அடிப்பேன். தாளம் பழகிய கை. அப்படியிருந்தும் எக்ஸ்பர்ட் என்ற கடின நிலையில் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறேன். அதைவிட, நான் நேசித்த கதைகள் இதில் இல்லவே இல்லை. இந்தத் தொடரைத் தொட்டுக்கூடப் பார்க்காத தங்கச்சியோ இதைக் கீழே வைப்பதில்லை. நான் ஏமாந்துவிட்டேனா? கூடுதல் பாடல்களுக்கும் காசு கொடுக்கலாமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

ஏமாறவில்லை. கதை இல்லை என்ற உங்கள் வருத்தம் மட்டும் நியாயமானது.

முதலில் தாளத்தைப் பேசிவிடுவோம். தப்பு பழகிய காது அடியைத்தான் தேடும். காமன் கூத்தில் ஆட்டக்காரர் வருவதையே அடி மாறுவதை வைத்துச் சொல்லிவிடலாம் இல்லையா? இந்த விளையாட்டில், எப்போது அழுத்த வேண்டும் என்று திரையில் வந்து காட்டும் குறிகள் பெரும்பாலும் மெட்டைப் பிடித்துப் போகின்றன. மெட்டு ஓர் இடத்தில் நீண்டால் பச்சைக் குறியும் நீளும், விட்டுவிட்டு வந்தால் சிவப்புக் குறிகள் வரிசையாக வரும். சில இடங்களில் சொல்லாமல் கொள்ளாமல் மெட்டை விட்டுவிட்டு மேளத்துக்குத் தாவும், மறுபடி மெட்டுக்குத் திரும்பும். உங்கள் கை அடியைப் பிடித்து நிற்க, குறி வேறொரு வாத்தியத்தோடு போய்விடுகிறது. அங்கேதான் தவறுகிறது. ஒரு பாட்டைத் தொடுவதற்கு முன் அதை ஒரு தடவை வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள். விரல் தானாக வழிக்கு வரும்.

இந்த விளையாட்டின் பெரிய பலமும் இதுதான் என்பேன். 1987இல் முதல் விளையாட்டுக்கு நொபுவோ உஎமட்சு இசையமைத்த காலத்திலிருந்தே இந்தத் தொடரின் உயிர் மெட்டில் இருக்கிறது. அந்த மெட்டை நம் விரலாலேயே வாசிக்க வைத்துவிட்டார்கள். 2012இல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியில் வந்த முதல் தியேட்ரிதத்தில் திரையைக் குச்சியால் தொட்டு விளையாடினோம். ஃபைனல் பார் லைனில் தொடுதிரை கிடையாது, பொத்தானும், விரலால் தள்ளும் ஸ்டிக்கும் மட்டும்தான். குச்சியால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போகிற சுகம் போனது இழப்புதான். ஆனால் இரண்டு ஸ்டிக்கையும் வெவ்வேறு திசையில் ஒரே நேரத்தில் தள்ளச் சொல்கிற இடங்கள் அந்த இழப்பைப் பெரிதும் ஈடு செய்கின்றன.

அப்புறம், டிவியில் போட்டு விளையாடுகிறீர்களா? பல டிவிகளில் படமும் ஒலியும் ஒரு கணம் பிந்தித்தான் வரும். புளூடூத் ஹெட்போன் இன்னும் பிந்தும். கையில் வைத்து, வயர் உள்ள இயர்போனோடு ஒரு தடவை விளையாடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் குறை உங்கள் கையில் இல்லை. டிவியில்தான் வேண்டும் என்றால் அமைப்புகளில் நேரத்தைச் சரிசெய்யலாம்.

இனி கதை. இங்கே எனக்கும் கோபம் உண்டு. 104 பாத்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசும் காட்சி ஒன்றுகூட இல்லை. வெவ்வேறு உலகங்களின் ஆட்களை ஒரே அணியில் சேர்க்க முடிந்தும், அந்தச் சேர்க்கையிலிருந்து எதுவும் பிறப்பதில்லை. தொடரின் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தலைப்பு, அதைச் சாவி கொண்டு திறக்கிறோம், பாட்டுகளை முடிக்கிறோம், அடுத்த சாவி கிடைக்கிறது. அவ்வளவுதான். நம் அணியின் நால்வரும் அரக்கர்களோடு மோதுவதைப் பார்க்கக் கண்ணுக்கு நேரமில்லை, கண் குறிகளிலேயே இருக்கிறது. சில இலக்குகளுக்கு மட்டும் அணியின் பலம் தேவைப்படுகிறது. அப்போது ஒரு குறியும் தவறாமல் வாசித்தும் அந்த இலக்கு கைகூடாமல் போகலாம். இசை விளையாட்டில் அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, தங்கச்சிக்காகச் சொல்கிறேன். சில பாட்டுகளின் பின்னணியில் பழைய விளையாட்டுகளின் காட்சிகள் ஓடும். முக்கியமான திருப்பங்களும் முடிவுகளும் அவற்றில் உண்டு. நீங்கள் கண்ணீரோடு பார்த்த மரணத்தை அவள் சிவப்புக் குறிக்குப் பின்னால் ஓடும் படமாகப் பார்க்கிறாள். பின்னால் அந்தத் தொடரை விளையாட ஆசைப்பட்டால் அவளுக்கு அது நட்டம். எந்தத் தலைப்புகளை விட்டுவைக்கலாம் என்று நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள்.

அவளுக்கு இது பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. சிம்பிள் முறையில் எந்தக் குறிக்கும் ஒரே பொத்தான் போதும். ‘பேர்’ (Pair) என்ற ஜோடி முறையில் ஒரே பாட்டை இரண்டு பேர் பகிர்ந்து வாசிக்கலாம். ஒரே திரை, ஆளுக்கொரு கன்ட்ரோலர். உங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. அப்பாவையும் ஒரு பாட்டுக்கு இழுத்துப் பாருங்கள். அடியை அவர் எங்கே பிடிக்கிறார் என்று அறிய எனக்கு நிஜமாகவே ஆசை.

கூடுதல் பாடல்கள் இப்போதைக்கு வேண்டாம். வாங்கியதிலேயே 385 இருக்கின்றன. எல்லாவற்றையும் எக்ஸ்பர்ட்டில் முடிக்கவே நெடுங்காலம் ஆகும். மேலே கொடுப்பவற்றில் பெரும்பகுதி க்ரோனோ, சாகா, நியர் போன்ற வேறு தொடர்களின் இசை. அவற்றில் ஏதாவது உங்களுக்கு ஏற்கெனவே நெருக்கமானது என்றால் அந்தத் தொகுப்பை மட்டும் தனியாக வாங்குங்கள். மொத்தப் பாஸ் வாங்கி, மலையில் கிடைக்கிற சிக்னலில் டேட்டாவைக் கரைத்து இறக்கி, பாதியைத் தொடாமலே வைத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா