அலுமாரியில் இருக்கிறது, செயலியில் இல்லை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் கணினி விஞ்ஞானம் இறுதி வருடம் படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கு ஒரு செயலி இருக்கிறது, ஒருவரும் பாவிப்பதில்லை. அதைப் புதிதாக வடிவமைத்துத் தர நானும் இரண்டு நண்பிகளும் பொறுப்பெடுத்திருக்கிறோம். முகப்பு, நிறங்கள் எல்லாம் வரைந்துவிட்டோம், திறந்ததும் நூலகக் கட்டடத்தின் படம் மூன்று விநாடி வரும். நூலகர் வடிவாக இருக்கிறது என்றார். அம்மா மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிட்டார். எங்கே பிழை?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தங்கச்சி, போனைத் திரும்ப அம்மாவிடம் கொடுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம், கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார். ‘நீங்கள் தேடின சமையல் புத்தகம் இருக்கா எண்டு பாருங்கோ’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் இருங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறது, எதை இரண்டு தரம் அமத்துகிறார் என்று கொப்பியில் எழுதுங்கள். அப்புறம் இரவல் பகுதிக்கு வருகிற நாலு பேரிடமும் இதையே செய்யுங்கள். ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று, செயலிகளும் இணையத்தளங்களும் பாவிக்க எளிதா என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். நான் பார்த்த அளவிலும் மூன்றாவது ஆளிலேயே அதே இடத்தில் அதே தடுமாற்றம் வரத் தொடங்கிவிடும்.

ஆனால் என்னைக் கேட்டால், நூலகச் செயலியில் முகப்பைவிடத் தேடல்தான் உயிர். போன மாதம் ஒரு நூலகத்தின் செயலியில் ஔவையாரைத் தேடினேன். ‘பதிவுகள் இல்லை’ என்று வந்தது. நேரே போய்ப் பார்த்தால் அலுமாரியில் மூன்று புத்தகம் வரிசையாக நிற்கிறது! பட்டியலில் ஏற்றியவர் ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து அடித்திருக்கிறார், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான், கணினிக்கு வேறு வேறு. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களை நெருப்புக்குப் பறிகொடுத்த ஊர் இது. இங்கே கையில் இருக்கிற புத்தகத்தை ‘இல்லை’ என்று ஒரு திரை சொல்வது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். ‘கொ’ என்ற எழுத்தின் குறியை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தருகிற பொதுமுறையான யூனிகோட்டில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, அரவு என்று இரண்டாகவும் பதியலாம். யூனிகோட் சமனாக்கம் (இப்படி இரு விதமாகப் பதிந்ததை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது) செய்தால் இது ஒன்றாகிவிடும், நிரலில் ஒரு வரி வேலை. ஆனால் ஔவையார் சிக்கல் அதில் தீராது, அதற்கு நீங்களே தனியாக விதி எழுத வேண்டும். பட்டியலில் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பதிவுகள் இருந்தால் அவை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கும், அவற்றை முதலில் யூனிகோட்டுக்கு மாற்றாமல் மேலே எதைச் செய்தும் பிரயோசனமில்லை. ர-ற, ல-ள-ழ, ன-ண மாறினாலும் நூல் வரட்டும். எழுதியவர் பெயரை முதலெழுத்து இல்லாமல் அடித்தாலும், ஆங்கில எழுத்தில் அடித்தாலும் வரட்டும், ரியூசன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை அப்படித்தான் அடிக்கும்.

பொத்தான்கள்? ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் தமிழைப் போட்டால் ‘அங்கத்துவத்தைப் பு…’ என்று பாதியில் வெட்டுப்படும். தமிழிலேயே தொடங்குங்கள். ‘புதுப்பி’ போதும். அண்ட்ரொய்ட் வழிகாட்டி விரல் படும் இடம் கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றராவது இருக்கச் சொல்கிறது, அம்மாவின் விரலை வைத்தே அளந்து பாருங்கள். அந்த மூன்று விநாடிப் படத்தை எடுத்துவிடுங்கள். கட்டடம் எனக்கும் பிடிக்கும், ஆனால் திறந்ததும் தேடும் பெட்டி வர வேண்டும்.

கேள்வி: என் போன் பழசு, செயலி போட இடமில்லை. புத்தகம் திருப்பும் திகதியை மறந்து அடிக்கடி தண்டப்பணம் கட்டுகிறேன். எங்களை யார் நினைப்பார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: ஐயா, உங்களுக்குச் செயலியே தேவையில்லை, இரண்டு நாள் முன்னதாக ஒரு எஸ்எம்எஸ் போதும். உங்கள் நூலகரிடம் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் செய்வார்கள். மேலே எழுதியிருக்கிற தங்கச்சிக்கும் சொல்கிறேன்: ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70தான், அதிலும் கொம்பு, அரவு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். நீண்ட வணக்கமும் நன்றியும் வைத்தால் செய்தி இரண்டாக உடைந்து நூலகத்துக்குக் காசும் இரட்டிப்பாகும். இவ்வளவு காணும்: ‘2 நூல்கள். ஜூன் 14க்குள் திருப்புக.’