பறவையா, பாத்திரமா? கலை பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: ஒரு பொருள் கலையா இல்லையா என்று கோர்ட்டே தீர்ப்புச் சொன்னதாமே, நிஜமா சார்?

நிஜம்தான். ருமேனியச் சிற்பி பிரான்குசி செய்த பறவைச் சிற்பம் ஒன்று 1926இல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியது. கலைப்பொருளுக்குச் சுங்கம் கிடையாது. அதிகாரிகள் பார்த்தார்கள்: இறக்கையும் இல்லை, அலகும் இல்லை, பளபளவென்று நீளமாக ஒரு வெண்கலத் துண்டு. சமையலறைப் பாத்திரம், மருத்துவமனைச் சாமான் என்ற வகையில் சேர்த்து 40 சதவீத வரி போட்டுவிட்டார்கள். 1928இல்தான் கலை என்று தீர்ப்பானது. நல்ல மெக்கானிக்கும் இப்படிப் பாலிஷ் போடலாமே என்று விசாரணையில் கேட்டார்கள். சாட்சி சொன்ன சிற்பி எப்ஸ்டீன், பாலிஷ் போடலாம், ஆனால் இந்த உருவம் அவருக்குத் தோன்றாது என்றார்.

கேள்வி: அப்படியானால் சுவாமிமலையில் சாமி சிலை வார்க்கும் ஸ்தபதி வெறும் கைவினைஞர்தானே? எல்லாம் சாஸ்திரத்தில் சொன்னபடிதானே செய்கிறார்?

உருவம் தனக்கே தோன்ற வேண்டும் என்ற எப்ஸ்டீனின் அளவுகோல் உதைக்கும் இடம் இதுதான். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து உறுப்புகளுக்கு அளவு எடுக்கிறார்கள். அப்புறம் தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதே அச்சில் இன்னொன்று வார்க்க வழியில்லை. அளவு ஒன்றேதான், சரி. ஆனால் இரண்டு பட்டறைகளின் நடராஜரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தூக்கிய காலும் உதட்டோரமும் வேறு வேறாக இருக்கும். தியாகராஜர் கீர்த்தனை பாடுகிறவரிடம் 'இது உங்கள் சொந்தப் பாட்டா?' என்று கேட்டுவிட்டா வித்வான் என்கிறோம்?

கேள்வி: நம் மரபில் செய்தவர் பெயரைப் போடுவதே இல்லை, அது அடக்கம் என்கிறார்களே?

யார் சொன்னது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின் பெயர் வரிசையாக இருக்கிறது. தச்சர் குஞ்சரமல்லனுக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்று பட்டம். நாவிதருக்குக்கூடப் 'பெருநாவிசன்' பட்டம் உண்டு! சோழர் காலச் செப்புத் திருமேனிகளை வார்த்தவர்கள் யார் என்பதுதான் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. அதை அடக்கம் என்பது நம் வசதிக்காக.

கேள்வி: சாவு வீட்டில் பறை அடிப்பவரும் கலைஞரா?

சந்தேகம் ஏன்? 2025இல் பறை அடிக்கும் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே பறையை மேடையில் அடித்தால் 'பறையிசைக் கலைஞர்', தெருவில் அடித்தால் 'ஏய், வாடா'. சாதியை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: ஏஐ வரைந்த படம்?

உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

கேள்வி: சுவாமிமலையில் சிலை வாங்கப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

எடையும் விலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். மெழுகில் உருவம் பிடித்தவர் யார், முகம் செதுக்கியவர் யார் என்று நீங்கள் கேளுங்கள். ஒரே சிலையில் பல பேரின் கை இருக்கும். ரசீதில் அந்தப் பெயர்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.